வாடேயை எண்களில் படிப்பது எப்படி: தொலைதூர ஆஸ்திரேலியக் குடியிருப்பு ஒன்றின் மக்கள்தொகை, அடிப்படை வசதி, வேலைவாய்ப்பு

ஆஸ்திரேலியாவின் வடகோடியில் செவிலியராகவோ ஆசிரியராகவோ வேலை கிடைத்த ஒருவர், பணி ஆணையில் இதுவரை கேள்விப்படாத ஓர் ஊரின் பெயரைக் கண்டால், முதலில் அந்த ஊரின் மக்கள்தொகையைத் தேடுவார். அடுத்து மருத்துவமனை உண்டா, கடை உண்டா, சாலை எப்படி என்று பார்ப்பார். குடும்பத்தோடு போவதாக இருந்தால் துணைவருக்கும் அங்கே வேலை கிடைக்குமா என்று விசாரிப்பார். மூன்று கேள்விக்கும் அரசின் இணையப் பக்கங்களில் எண்கள் கிடைக்கும். ஆனால் நகரத்துக்கென்று வகுத்த இலக்கணங்களைக் கொண்டு எடுத்த எண்கள் அவை. நகரத்தில் படிப்பதைப் போலவே அவற்றைத் தொலைதூரக் குடியிருப்புக்கும் படித்தால், ஊரைப் பற்றிக் கிடைக்கும் சித்திரம் பெரும்பாலும் தவறாகவே இருக்கும். அந்த எண்களை எப்படிப் படிப்பது என்பதை ஓர் உண்மையான ஊரை வைத்து இங்கே விளக்குகிறேன்.

அந்த ஊர், நார்தர்ன் டெரிட்டரி எனப்படும் வட ஆட்புலத்தில், டார்வினுக்குத் தென்மேற்கே தரைவழியில் சுமார் 400 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஆங்கில எழுத்துகளைப் பார்த்தால் வாடேயே என்று படிக்கத் தோன்றும். ஆஸ்திரேலியர் பேச்சில் ஏறத்தாழ ‘வொடேர்’ என்று ஒலிக்கும். இங்கே வாடேய் என்று எழுதுகிறேன். பழைய ஆவணங்களில் போர்ட் கீட்ஸ் என்று இருக்கும், ஆகவே தேடும்போது இரண்டு பெயரையும் இட்டுத் தேட வேண்டும். 1935-இல் ரிச்சர்ட் டோகர்ட்டி என்ற கத்தோலிக்கப் பாதிரியார் கடலோரத்தில் தொடங்கிய மறைப்பணித் தளம், சில ஆண்டுகளுக்குள் இப்போதைய இடத்துக்கு மாறியது. சுற்றுப்புறத்தின் பல குலங்களைச் சேர்ந்த பூர்வகுடி மக்கள் காலப்போக்கில் அந்த ஓரிடத்தில் வந்து குடியேறினார்கள். ஊர் நிற்கும் நிலம் கார்து திமினின் குலத்தாருடையது. மற்றவர்களின் நிலம் ஊருக்கு வெளியே இருக்கிறது. பொது மொழி மூரின்பத்தா. ஆங்கிலம் பலருக்கு இரண்டாவது மொழியாகவோ மூன்றாவது மொழியாகவோதான் இருக்கிறது. இந்தப் பின்னணியை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், கீழே வரும் ஒவ்வொரு எண்ணையும் இது ஏதோ ஒரு வகையில் வளைக்கிறது.

எந்த எல்லைக்குள் எண்ணினார்கள்?

எண்ணைப் பார்ப்பதற்கு முன் எல்லையைப் பாருங்கள். ஆஸ்திரேலியப் புள்ளியியல் நிறுவனம் ஒரே ஊருக்குப் பல எல்லைகளில் எண்களைத் தருகிறது. வாடேய் என்ற ஊர்ப்பகுதி ஒன்று. தமரூர் என்ற பெயரில், ஊரையும் சுற்றியுள்ள சிறு வாழிடங்களையும் சேர்த்த புள்ளியியல் வட்டாரம் ஒன்று. பூர்வகுடிக் குடியிருப்புகளுக்கென்றே வகுத்த எல்லைகள் வேறு. உள்ளாட்சி எல்லையோ இன்னும் பெரியது: 2014 ஜூலை முதல் தேதி உருவான வெஸ்ட் டேலி மண்டல மன்றத்துக்குள் வாடேயோடு பெப்பிமெனார்ட்டி, பலும்பா ஆகிய குடியிருப்புகளும் அடங்கும். 2008-க்கும் 2014-க்கும் இடையில் இதே ஊர் விக்டோரியா டேலி மன்றத்தின் கீழ் இருந்தது. அதற்கு முன் 2003 முதல் தமரூர் மன்றம் இருந்தது. ஆகவே ஓர் அறிக்கை ‘இந்த வட்டாரத்தில்’ என்று சொன்னால், அது எந்த ஆண்டின் எந்த வட்டாரம் என்று தெரியாமல் இன்னோர் அறிக்கையோடு ஒப்பிடக் கூடாது. மிகச் சிறிய எல்லைகளில், தனிநபர் அடையாளம் வெளிப்படாதிருக்க, புள்ளியியல் நிறுவனம் சிறு எண்களை வேண்டுமென்றே சற்று மாற்றி வெளியிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஓர் அட்டவணையில் ‘3 மின்பணியாளர்’ என்று இருந்தால் அந்த மூன்றை நம்பி வாதம் கட்ட முடியாது.

‘தொலைதூரம்’ என்ற சொல்லுக்கும் அங்கே அளவீடு உண்டு. ஏரியா பிளஸ் (ARIA+) என்ற குறியீடு, ஓர் இடத்திலிருந்து பல்வேறு அளவுள்ள சேவை நகரங்களுக்குச் சாலைவழித் தொலைவை எடுத்து 0 முதல் 15 வரை மதிப்பெண் தருகிறது, 10.53-ஐத் தாண்டினால் ‘மிகத் தொலைதூரம்’. வாடேய் அந்த வகையைச் சேர்ந்தது. இந்தக் குறியீடு கிலோமீட்டரை மட்டுமே அளக்கிறது, சாலை எத்தனை மாதம் திறந்திருக்கும் என்பதை அளப்பதில்லை.

தலைக்கணக்கு

2016 கணக்கெடுப்பில் வாடேயில் 2280 பேர். 2021-இல் 1924 பேர். ஐந்தாண்டில் 356 பேர், அதாவது ஏறத்தாழ 15.6 விழுக்காடு குறைவு. இதைப் பார்த்தவுடன் ‘ஊர் காலியாகிக் கொண்டிருக்கிறது’ என்று எழுதிவிடுவது எளிது. அதற்கு முன் மூன்று சோதனைகளைச் செய்ய வேண்டும்.

முதலாவது, விடுபட்டவர்களைப் பற்றியது. 2021 கணக்கெடுப்பில் ஆஸ்திரேலியா முழுவதும் தம்மைப் பூர்வகுடியினர் என்று பதிந்தவர்கள் 8,12,728 பேர். பின்னர் நடத்திய சரிபார்ப்புக் கணக்கெடுப்பைக் கொண்டு மதிப்பிட்ட எண்ணிக்கையோ 9,83,700. இடைவெளி 17.4 விழுக்காடு. நாட்டின் பொது மக்களுக்கு இந்த இடைவெளி மிகச் சிறியது. அந்த விகிதத்தை அப்படியே வாடேய்க்குப் பொருத்தி, 1924-ஐ 0.826 ஆல் வகுத்தால் சுமார் 2330 வரும். இதை ஊரின் உண்மை மக்கள்தொகை என்று சொல்லிவிட முடியாது. நாட்டு விகிதம் ஓர் ஊரின் விகிதம் ஆகாது, மேலும் அந்த 17.4-இல் ஒரு பகுதி, எண்ணப்பட்டும் பூர்வகுடி அடையாளம் பதிவாகாதவர்களால் வருவது. ஆயினும் 2016-க்கும் 2021-க்கும் இடையிலான ‘சரிவு’ முழுவதும் எண்ணும் முறையின் பிழை எல்லைக்குள்ளேயே அடங்கிவிடக்கூடும் என்பதை இந்தச் சிறு கணக்கு காட்டுகிறது. கணக்கெடுப்பின் நேரடி எண்ணிக்கையையும், திருத்திய ‘மதிப்பிட்ட வாழுநர்’ எண்ணிக்கையையும் ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள். இவ்வகை அறிக்கைகளில் நான் காணும் பிழைகளில் மிகப் பரவலானது இதுதான்.

இரண்டாவது சோதனை, பருவம். 2021 கணக்கெடுப்பு இரவு ஆகஸ்ட் 10. தொலைதூரக் குடியிருப்புகளில் படிவத்தை வீட்டில் போட்டுவிட்டுப் போகாமல், நேரில் கேட்டு எழுதுவோர் ஜூலை முதல் செப்டம்பர் வரை வாரக்கணக்கில் எண்ணுகிறார்கள். இவை வட ஆட்புலத்தின் வறண்ட மாதங்கள். சாலை திறந்திருக்கும், குடும்பங்கள் தங்கள் குலநிலத்தில் உள்ள அவுட்ஸ்டேஷன் எனப்படும் சிறு வாழிடங்களுக்கும், உறவினர் வீடுகளுக்கும், டார்வினுக்கும் போய்வரும் காலம். மழைப்பருவத்தில் அதே குடும்பங்கள் ஊருக்குள் அடைபட்டிருக்கும். ஒரே ஆண்டில் ஒரே ஊருக்கு இரண்டு மக்கள்தொகை உண்டு என்றே சொல்லலாம். பள்ளி, கழிவுநீர், மின்சாரம் ஆகியவற்றைத் திட்டமிடுபவருக்கு வேண்டியது பெரிய எண். கணக்கெடுப்பு தருவதோ பெரும்பாலும் சிறிய எண்.

மூன்றாவது, ‘வழக்கமாக வசிக்கும் இடம்’ என்ற சொல். கணக்கெடுப்பின் இலக்கணப்படி, ஆறு மாதமோ அதற்கு மேலோ வசிக்கும் முகவரியே அது. ஆனால் ஒரு துக்கம் நேர்ந்தால் உறவினர் அனைவரும் வாரக்கணக்கில் இன்னோர் ஊரில் தங்குவதும் — அங்கே இதைச் ‘சாரி பிசினஸ்’ என்பார்கள் — சிறுநீரக மருத்துவத்துக்கு ஒருவர் டார்வினுக்குப் போனால் கூடவே இரண்டு மூன்று பேர் போவதும் இயல்பான வாழ்க்கையில், ‘உங்கள் முகவரி எது’ என்ற கேள்விக்கு ஒற்றை விடை இருப்பதில்லை. நம் ஊர்களிலும் அறுவடைக்கும் செங்கல் சூளைக்கும் குடும்பத்தோடு பெயர்ந்து போகிறவர்களை எண்ணுவதில் இதே சிக்கல் உண்டு என்பது தமிழ் வாசகருக்குத் தெரிந்ததே.

இதற்கெல்லாம் மாற்று என்ன? ஊரில் உள்ள வேறு பதிவுகளோடு ஒட்டிப் பார்ப்பது. மருத்துவ நிலையத்தின் நடப்பு நோயாளிப் பட்டியல், பள்ளியின் சேர்க்கைப் பதிவு, வீட்டுவசதித் துறையின் குடித்தனப் பட்டியல் ஆகியவற்றின் மொத்த எண்களைக் கேளுங்கள். மருத்துவப் பட்டியல் பெரும்பாலும் மிகையாக இருக்கும், ஏனெனில் வந்துபோனவர்களின் பெயரும் அதில் தங்கிவிடும். கணக்கெடுப்பு குறைவாக இருக்கும். உண்மை இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கும். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ஜான் டெய்லர் 2000-களின் தொடக்கத்தில் தமரூர் வட்டாரத்துக்கு இப்படி உள்ளூர்ப் பதிவுகளைக் கொண்டே கணக்கிட்டார். அன்று இரண்டாயிரத்துச் சொச்சமாக இருந்த மக்கள்தொகை இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 4000-ஐ நெருங்கும் என்றும் முன்கணித்தார். அந்த முன்கணிப்பையும் 2021-இன் 1924-ஐயும் அருகருகே வைத்து ‘கணிப்பு பொய்த்தது’ என்று தீர்ப்புச் சொல்பவர், மேலே சொன்ன எல்லை, விடுபடல், பருவம் மூன்றையும் தாண்டிக் குதிப்பவராகிறார்.

வயது: மற்ற எல்லாவற்றுக்கும் திறவுகோல்

மொத்த எண்ணில் இவ்வளவு ஐயம் இருந்தாலும், வயது அமைப்பில் அவ்வளவு ஐயம் இல்லை. 2021-இல் ஆஸ்திரேலியரின் நடுவயது, அதாவது பாதிப் பேர் அதற்குக் கீழும் பாதிப் பேர் மேலும் இருக்கும் வயது, 38. பூர்வகுடி மக்களின் நடுவயது 24. பூர்வகுடி மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் 15 வயதுக்குட்பட்டவர். ஆகவே ஒரு குடியிருப்பை மதிப்பிட உட்காரும்போது, வேலையின்மை விகிதத்தைத் தேடுவதற்கு முன், 15 வயதுக்குட்பட்டோர் எத்தனை பேர், அடுத்த பத்தாண்டில் ஆண்டுதோறும் எத்தனை பேர் வேலை வயதை அடைவார்கள் என்ற இரண்டு எண்களையும் முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம்; இது வாடேயின் புள்ளிவிவரம் அன்று, முறையைக் காட்டுவதற்காக நானே அமைத்தது. ஊரில் 15 வயதுக்கு மேற்பட்டோர் 1300 பேர், அவர்களில் வேலை செய்வோர் 260 பேர், அதாவது ஐந்தில் ஒருவர். ஆண்டுக்கு 40 பேர் வேலை வயதுக்குள் நுழைகிறார்கள், இறப்பாலும் வெளியேற்றத்தாலும் 10 பேர் குறைகிறார்கள் என்றால், பத்தாண்டில் வேலை வயதினர் 1600 ஆவார்கள். ஐந்தில் ஒருவர் என்ற இன்றைய மோசமான நிலையைத் தக்கவைக்கவே 320 வேலைகள் வேண்டும். ஐந்தில் இருவர் என்ற நிலையை அடைய 640 வேண்டும், அதாவது ஆண்டுக்கு 38 புதிய வேலைகள். எந்தத் திட்ட அறிவிப்பையும் இந்தக் கணக்கின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘20 புதிய வேலைகள்’ என்று படத்துடன் வரும் செய்தி, உண்மையில் ஊர் சற்று மெதுவாகப் பின்தங்குகிறது என்பதற்கு மேல் எதையும் சொல்லாமல் போகலாம்.

வசதி இருக்கிறதா என்று கேட்காதீர்கள், ஓடுகிறதா என்று கேளுங்கள்

அடிப்படை வசதிகளைப் பற்றிய அரசு விவரக்குறிப்புகள் பெரும்பாலும் பட்டியலாக இருக்கும்: விமானத் தளம் உண்டு, மின்நிலையம் உண்டு, மருத்துவ நிலையம் உண்டு, கடை உண்டு. வட ஆட்புல அரசின் புஷ்டெல் என்ற இணையத்தளம் ஒவ்வொரு குடியிருப்புக்கும் இத்தகைய பட்டியலை வைத்திருக்கிறது. தொடக்கத்துக்கு அது நல்ல கருவி. ஆனால் ‘உண்டு’ என்ற சொல்லோடு நின்றுவிடக் கூடாது.

சாலையை எடுத்துக்கொள்வோம். டார்வினிலிருந்து டேலி ஆற்றைக் கடந்து வாடேய்க்கு வரும் வழியில், கடைசிப் பகுதியான போர்ட் கீட்ஸ் சாலை மழைப்பருவத்தில் மாதக்கணக்கில் துண்டிக்கப்படும். அந்த மாதங்களில் ஆட்கள் சிறுவிமானத்திலும், உணவும் எரிபொருளும் கட்டுமானப் பொருளும் பார்ஜ் எனப்படும் தட்டையடிச் சரக்குக் கப்பலிலும் வர வேண்டும். எனவே வசதிக்கான அட்டவணையில் ‘சாலை: உண்டு’ என்பதற்குப் பதிலாக, கடந்த ஐந்து ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டும் எத்தனை நாள் மூடியிருந்தது, பார்ஜ் எத்தனை நாளுக்கொரு முறை வருகிறது, ஒரு நோயாளியை இரவில் வெளியேற்ற விமானத்தளத்தில் விளக்கு உண்டா என்ற மூன்றையும் எழுதுங்கள். வீடு கட்டும் ஒப்பந்தக்காரருக்கு ஓர் ஆண்டில் ஏழெட்டு மாதம்தான் வேலைக்காலம்; கட்டடச் செலவு நகரத்தைவிடப் பல மடங்காவதற்கும், உள்ளூர் இளைஞர் கற்ற தொழில் பாதி ஆண்டு சும்மா கிடப்பதற்கும் அந்தச் சாலையே காரணம். போக்குவரத்தும் வேலைவாய்ப்பும் வேறுவேறு அத்தியாயங்கள் அல்ல.

மின்சாரம் இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. வட ஆட்புலத்தின் 72 தொலைதூரக் குடியிருப்புகளுக்கு அரசுக்குச் சொந்தமான பவர் அண்ட் வாட்டர் நிறுவனத்தின் துணை அமைப்பு மின்சாரம், நீர், கழிவுநீர்ச் சேவைகளைத் தருகிறது. பட்டியலின்படி ஏறத்தாழ எல்லா வீட்டுக்கும் இணைப்பு உண்டு. ஆனால் பெரும்பாலான வீடுகளில் இருப்பவை முன்பணம் கட்டும் மீட்டர்கள். பணம் தீர்ந்தால் மின்சாரமும் நின்றுவிடும். 28 குடியிருப்புகளில் சுமார் 3300 வீடுகளின் மீட்டர்ப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், 2018-19 நிதியாண்டில் 91 விழுக்காடு வீடுகளில் ஒருமுறையாவது மின்சாரம் நின்றதையும், நான்கில் மூன்று பங்கு வீடுகளில் பத்து முறைக்கு மேல் நின்றதையும் கண்டார்கள். வெப்பம் மிகுந்த நாள்களில் இது கூடுகிறது. இன்சுலினைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டிய வீட்டுக்கு ‘இணைப்பு உண்டு’ என்ற வரி எதையும் சொல்வதில்லை.

வாடேயின் விஷயத்தில் ஒரு முரணும் உண்டு. ஊருக்கு அருகே யெல்செர் கடற்கரையில் இருக்கும் ஆலைக்கு, கடலுக்கடியில் உள்ள பிளாக்டிப் வயலிலிருந்து எரிவாயு வருகிறது. அங்கிருந்து சுமார் 285 கிலோமீட்டர் குழாய் வழியே உள்நாட்டுக் குழாய்த்தடத்தில் இணைந்து, 2009 முதல் டார்வின் வட்டாரத்தின் மின் உற்பத்திக்கே முதன்மை ஆதாரமாக இருந்தது, அண்மை ஆண்டுகளில் உற்பத்தி சரியும் வரை. பெரிய முதலீடு பக்கத்தில் இருப்பதைக் கண்டு ஊரில் வேலை பெருகியிருக்கும் என்று கணக்குப் போடக் கூடாது. எரிவாயு ஆலை கட்டும்போது ஆள் வேண்டும், ஓடும்போது மிகச் சிலரே போதும். அந்தச் சிலரும் பயிற்சி பெற்று விமானத்தில் வந்துபோகிறவர்களாகவே பெரும்பாலும் இருப்பார்கள்.

வீடுகளுக்கு இரண்டு அளவுகோல்களை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று நெரிசல். ஒரு வீட்டுக்கு எத்தனை பேர் என்பதைவிட, வீட்டில் இருப்பவர்களின் வயதையும் உறவையும் பார்த்து எத்தனை படுக்கையறை வேண்டும் என்று சொல்லும், ஆஸ்திரேலியாவில் வழக்கமாகப் பயன்படும் கனடிய அளவுகோலின்படி எத்தனை படுக்கையறைகள் குறைகின்றன என்பதே பயனுள்ள எண். 2024 மார்ச்சில் மத்திய அரசும் வட ஆட்புல அரசும் பத்தாண்டில் 400 கோடி டாலர் செலவில், ஆண்டுக்கு 270 வீடுகள் வரை என 2700 வீடுகள் கட்டி நெரிசலைப் பாதியாக்குவதாக அறிவித்தன. உங்கள் ஊருக்கு அதில் எத்தனை, அவற்றில் எத்தனை பழைய வீட்டை இடித்துவிட்டுக் கட்டுபவை என்று கேளுங்கள், ஏனெனில் இடித்துக் கட்டிய வீட்டால் வீடுகளின் எண்ணிக்கை உயராது. வாடேயில் 2022-இன் முற்பகுதியில் நடந்த குடும்பக் குழுக்களின் மோதலில் நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் சேதமடைந்து, சுமார் 500 பேர் இடம்பெயர்ந்தார்கள். 2021 ஆகஸ்டின் வீட்டுக் கணக்கு எட்டு மாதத்துக்குள் காலாவதியானது அப்படித்தான்.

மற்றோர் அளவுகோல், வீட்டுக்குள் இருப்பவை வேலை செய்கின்றனவா என்பது. 1980-களில் தென் ஆஸ்திரேலியாவின் பிட்ஜன்ட்ஜட்ஜரா நிலப்பகுதியில் தொடங்கிய ஒரு பணியிலிருந்து வளர்ந்த ஹெல்த்ஹாபிட்டாட் அமைப்பு இதற்கு எளிய சோதனை முறை ஒன்றை வகுத்தது: குழந்தையைக் குளிப்பாட்ட முடிகிறதா, துணி துவைக்க முடிகிறதா, கழிவுநீர் வெளியேறுகிறதா, சமைக்க முடிகிறதா என்று வீடுவீடாகக் குழாயைத் திறந்து பார்த்து எழுதுவது. ஆயிரக்கணக்கான வீடுகளில் சோதித்த பிறகு, பழுதுகளுக்கு முதற்காரணம் வழக்கமான பராமரிப்பின்மை, அடுத்த காரணம் கட்டும்போதே நேர்ந்த குறைபாடு, குடியிருப்போர் சேதப்படுத்துவது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்று தெரிந்தது. ‘வீடு கொடுத்தாலும் கெடுத்துவிடுகிறார்கள்’ என்று யாராவது உங்களிடம் சொன்னால் இதைச் சொல்லுங்கள். அதோடு, பராமரிப்பு இல்லை என்பது உள்ளூர்க் குழாய்ப் பணியாளருக்கும் தச்சருக்கும் நிலையான சம்பளம் இல்லை என்பதன் மறுபெயர் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பள்ளியில் சேர்க்கை வேறு, வருகை வேறு. அரசு நிதி எதன் அடிப்படையில் வருகிறது என்பது முக்கியம்: 2000-களின் நடுவில் டெய்லர் முதலானோர் செய்த கணக்கில், வட ஆட்புலத்தின் சராசரிக் குழந்தைக்குக் கல்வியில் ஒரு டாலர் செலவானபோது தமரூர்க் குழந்தைக்கு 47 சென்ட் மட்டுமே செலவானது. நிதி வருகையைப் பின்தொடர்ந்தது. இடமும் ஆசிரியரும் போதாத பள்ளிக்குக் குழந்தைகள் வராமல் போனார்கள். வராததால் நிதியும் குறைந்தது.

வேலை: எந்த விகிதம், யாருடைய வேலை

வேலையின்மை விகிதத்தைத் தொலைதூரக் குடியிருப்பில் பயன்படுத்தவே வேண்டாம் என்பது என் கருத்து. காரணம் அதன் இலக்கணத்தில் இருக்கிறது. வேலை தேடுபவர் மட்டுமே வேலையில்லாதவராக எண்ணப்படுவார். வேலையே இல்லாத ஊரில் தேடுவதை நிறுத்திவிட்டவர் உழைப்புப் படைக்கு வெளியே போய்விடுவார். மேலே சொன்ன கற்பனை ஊரின் 1300 பேரில் 260 பேர் வேலையில், 90 பேர் தேடுகிறார்கள், 950 பேர் தேடவில்லை என்றால், வேலையின்மை விகிதம் 90-ஐ 350 ஆல் வகுத்து, சுமார் 26 விழுக்காடு. அதே ஊரில் வேலை செய்வோர் விகிதம் வெறும் 20 விழுக்காடு. தேடுவோரும் சலித்துப்போய்த் தேடுவதை விட்டுவிட்டால் வேலையின்மை பூச்சியமாகிவிடும், ஒருவருக்கும் வேலை கிடைக்காமலேயே. ஆகவே வேலை செய்வோரை வேலை வயதினரால் வகுத்த விகிதத்தையே எடுங்கள். பூர்வகுடியினருக்கும் மற்றவர்களுக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்க 2020-இல் செய்த தேசிய ஒப்பந்தமும் இதையே இலக்காக வைத்தது: 25 முதல் 64 வயது வரையுள்ள பூர்வகுடி மக்களில் 62 விழுக்காட்டினர் 2031-க்குள் வேலையில் இருக்க வேண்டும். 2021-இல் நாட்டளவில் அது 55.7 விழுக்காடு, நகரத்திலிருந்து தொலைவு கூடக்கூட விகிதம் சரிகிறது.

காலவரிசையில் ஒப்பிடும்போது இன்னொரு பள்ளம் காத்திருக்கிறது. 1977 முதல் சிடிஇபி (CDEP) என்ற சமூக வளர்ச்சி வேலைத் திட்டம் இருந்தது. உதவித்தொகைக்கு ஈடான பணத்தைக் குடியிருப்பு அமைப்புகளுக்குக் கொடுத்து, அவர்கள் அதைச் சம்பளமாக்கி உள்ளூரில் வேலை கொடுத்தார்கள். 2000-களின் தொடக்கத்தில் சுமார் 35,000 பேர் அதில் இருந்தார்கள், கணக்கெடுப்பும் அவர்களை ‘வேலையில் இருப்போர்’ என்றே எண்ணியது. திட்டம் படிப்படியாக நிறுத்தப்பட்டபோது அதே ஆட்கள் அதே ஊரில் ‘வேலையற்றோர்’ ஆனார்கள். பின்னர் 2015-இல் வந்த சிடிபி (CDP) என்ற திட்டம், உதவித்தொகைக்காக வாரம் 25 மணி நேரம் வரை கட்டாயப் பணி கேட்டது. பின்னர் நேரம் குறைந்து, 2021 மே மாதம் கட்டாயம் நீங்கியது. 2024-இன் பிற்பகுதியில் மூன்றாண்டில் 3000 வேலைகளுக்கு ஊதியம் தரும் புதிய நிதித்திட்டமும், 2025 நவம்பர் முதல் தேதி சிடிபிக்கு மாற்றான வேலைவாய்ப்புச் சேவையும் வந்தன. 2006, 2011, 2016, 2021 என நான்கு கணக்கெடுப்பை ஒரே கோட்டில் இணைத்து வரைபவர், ஊரின் மாற்றத்தையும் திட்டங்களின் பெயர்மாற்றத்தையும் பிரித்தறிய முடியாதபடி வரைகிறார்.

அடுத்து, ஊரில் உள்ள வேலைகளை ஒவ்வொன்றாக எழுதுங்கள். பட்டியல் நீளாது: பள்ளி, மருத்துவ நிலையம், காவல், மண்டல மன்றத்தின் குப்பை, சாலை, இரவு ரோந்துப் பணிகள், கடை, முதியோர் பராமரிப்பு, வீட்டுப் பராமரிப்பு, நிலத்தையும் கடலோரத்தையும் பேணும் தமரூர் ரேஞ்சர்கள், தமரூர் வளர்ச்சிக் கழகம், மகளிர் அமைப்பின் தொழில்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் மொத்த இடம், காலியிடம், உள்ளூர்க்காரர் வகிப்பது என மூன்று எண்களைக் கேட்டு எழுதுங்கள். இந்த மூன்றாவது எண்தான் ஊரின் வேலை எதிர்காலத்தைச் சொல்கிறது. புதிய ஆலை வருமா, சுற்றுலா வளருமா என்று ஆலோசிப்பதற்கு முன், ஏற்கெனவே இருக்கும் சம்பளங்களில் எவ்வளவு ஊரில் தங்குகிறது, எவ்வளவு விமானம் ஏறிப் போகிறது என்று பார்க்க வேண்டும். வெளியிலிருந்து வரும் ஆசிரியருக்கும் செவிலியருக்கும் வேலையோடு வீடும் வருவது வழக்கம். அதே பணிக்கு உள்ளூரில் ஒருவர் சேர்ந்தால் அவர் பத்துப் பதினைந்து பேர் இருக்கும் வீட்டிலிருந்துதான் பெரும்பாலும் வேலைக்கு வர வேண்டும். அவர் ஏன் நீடிக்கவில்லை என்பதற்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை.

நுழைவாயிலில் உள்ள தடைகளையும் தனியே குறியுங்கள். குழந்தைகளோடு பணிபுரிய வட ஆட்புலத்தில் ஓக்கர் அட்டை எனப்படும் அனுமதி வேண்டும். அதற்கு அடையாளச் சான்று வேண்டும். பிறப்புச் சான்று இல்லாதவருக்கு அங்கேயே வழி அடைபடுகிறது. ஓட்டுநர் உரிமம் இன்னொரு சல்லடை. இவற்றைச் சரிசெய்வதற்கு ஆகும் செலவு, ஒரு பயிற்சி வகுப்பு நடத்துவதைவிடக் குறைவு, பயனோ கூடுதல். மூரின்பத்தா மொழியறிவு உண்மையான தகுதியாக மதிக்கப்படும் பணிகளில், அதாவது மொழிபெயர்ப்பாளர், பூர்வகுடி உடல்நலப் பணியாளர், உதவி ஆசிரியர், ரேஞ்சர் போன்றவற்றில், வெளியூர்க்காரர் போட்டியிட முடியாது. அவற்றைத்தான் வளரும் வேலைகள் என்ற பத்தியில் முதலில் எழுத வேண்டும்.

நீங்களே அங்கே போவதாக இருந்தால்

491 என்ற வட்டாரத் திறன் விசாவில் வருவோருக்கு, டார்வின் உட்பட வட ஆட்புலம் முழுவதும் தகுதியான வட்டாரமே. மூன்றாண்டு அங்கே வாழ்ந்து உழைத்த பின் 191 என்ற நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். அந்த மூன்றாண்டை மிகத் தொலைதூரக் குடியிருப்பில்தான் கழிக்க வேண்டும் என்பதில்லை, ஆகவே டார்வினில் தங்கி வேலை தேடுவதையும் ஒப்பிட்டுப் பார்த்தே முடிவெடுங்கள். துணைவருக்கு வேலை என்று கணக்கிட்டால், மேலே சொன்ன பட்டியலில் உள்ள காலியிடங்களை மட்டுமே எண்ணுங்கள். வேறு எதுவும் அங்கே இல்லை.

வாடேய் 1976-இன் நில உரிமைச் சட்டத்தின் கீழ்ப் பூர்வகுடியினருக்குச் சொந்தமான நிலத்தில் இருக்கிறது; போவதற்கு வடக்கு நில மன்றத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும், பணியமர்த்துவோர் அதற்கு உதவுவார்கள். பணியை ஏற்பதற்கு முன் பேசும் தொலைபேசி உரையாடலில், வீட்டுக்குப் பூட்டும் வேலியும் உண்டா என்பதோடு, எனக்கு முன் இந்தப் பணியில் இருந்தவர் எத்தனை மாதம் இருந்தார், அவருக்கு முன்னவர் எத்தனை மாதம், இந்தப் பணிக்கு உள்ளூரிலிருந்து யாராவது பயிற்சியில் இருக்கிறார்களா, கடைசிப் பார்ஜ் எப்போது வந்தது, சென்ற ஆண்டு சாலை எந்தத் தேதியில் மூடி எந்தத் தேதியில் திறந்தது என்று கேளுங்கள். கிடைக்கும் விடைகளைத் தேதியோடு எழுதி வைத்துக்கொண்டு, முதல் மழைக்காலம் முடிந்து போர்ட் கீட்ஸ் சாலை திறக்கும் வாரத்தில் அதே பட்டியலை மறுபடி நிரப்புங்கள்.